மருத்துவக் கல்விக்கு உயில்: சித்திக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு

போன மாசி மாதம் சித்தி திருச்சியிலிருந்து கூப்பிட்டார். "உயில் எழுதணும்ப்பா. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது செஞ்சுட்டுப் போகணும். நீ பேங்க்ல இருந்தவன், எது சரியா வரும்னு பாத்துச் சொல்லு."

சித்திக்கு 74 வயது. அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறையூரில் ஒரு சின்ன வீடு, எஃப்.டி.யில் முப்பது லட்சம், மாதாமாதம் பென்ஷன். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் ஓரளவு நிலைத்துவிட்டோம். எங்களுக்கு வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம்.

நர்ஸிங் மாணவிகளுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டேன். "அவங்களுக்கும் குடுக்க ஆசைதான். ஆனா ராத்திரி டூட்டியில புது ஹவுஸ் சர்ஜனுக்கு நரம்பு தேடிக் காட்டிக் குடுத்தது யாரு? பாதிப் படிப்பு நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். மீதியையும் முடிச்சு வெச்சிடலாம்னு பாக்கறேன்" என்றார். சரி, அப்புறம் என்ன, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்கும் பயன்படலாம் என்று இங்கே எழுதி வைக்கிறேன். இறுதிப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞர் பார்க்கத்தான் வேண்டும். அவரிடம் போவதற்கு முன் நாமே முடிவு செய்யவேண்டியவைதான் இதில் இருப்பவை.

இப்போதே கொடுப்பதா, உயிலில் எழுதுவதா?

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தால் உயில் தானத்துக்கு முதல் காரணமாக வரியைச் சொல்வார்கள். பிரிட்டனில் வாரிசுரிமை வரி 40 சதவீதம். அறநிறுவனத்துக்குப் போகும் பங்குக்கு அந்த வரி இல்லை. சொத்தில் பத்தில் ஒரு பங்கை அறத்துக்கு எழுதினால் மீதிக்கான வரியும் 36 சதவீதமாகக் குறையும். இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எஸ்டேட் டியூட்டியை 1985இலேயே நீக்கிவிட்டார்கள். செத்தபின் மிச்சப்படுத்த வரி என்று ஒன்று கிடையாது. நன்கொடைக்கு வருமான வரியில் 80ஜி என்று நாம் பழகிய கழிவு உயிரோடு இருக்கும்போது கொடுக்கும் பணத்துக்குத்தான். அதுவும் புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. சித்தி புதிய முறையில்தான் இருக்கிறார். ஆகவே வரிக் கணக்கைத் தூக்கி ஓரம் வைத்தோம். ஒரு விதத்தில் நிம்மதி.

வரி போனால் மிஞ்சுவது ஒரே கேள்வி: பணம் அவருக்கே தேவைப்படுமா? 74 வயதில் இடுப்பு எலும்பு ஒன்று உடைந்தால் சில லட்சங்கள் போய்விடும். பின்னாலேயே வீட்டோடு ஆள் வைக்க வேண்டிவரும். முப்பது லட்சத்தையும் இன்றே கொடுத்துவிட்டு உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளிடம் கையேந்தும் நிலை வரக்கூடாது. உயிலில் எழுதினால் கடைசி மூச்சு வரை பணம் அவருடையது. மனம் மாறினால் மாற்றி எழுதலாம், கிழித்தும் போடலாம். முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைப்பது நல்லது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து, அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டை மட்டும், சாகும்வரை குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, இப்போதே செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு உறவினர் யோசனை சொன்னார். அது திரும்பி வராத கதவு. பதிந்து, வாங்குபவர்களும் ஏற்றுக்கொண்டபின் நினைத்த நேரத்தில் ரத்து செய்ய முடியாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வேறு உடனே கட்ட வேண்டும். வேறு வருமானமும் வேறு இருப்பிடமும் உள்ளவர்களுக்கு அது பரவாயில்லை. சித்திக்கு வேண்டாம் என்றேன்.

ஆனால் முழுக்க உயிலிலேயே விடுவதிலும் ஒரு குறை இருக்கிறது. தன் பணம் எப்படிச் செலவாகிறது என்று கொடுத்தவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. தவறாகப் போனால் திருத்த ஆளில்லை. அதனால் நான் சொன்னது இரண்டையும் கலந்த வழி. இப்போதே ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கொடுத்துப் பார்க்க வேண்டும், யார் ஒழுங்காக ரசீது கொடுக்கிறார்கள், யாருக்குப் போனது என்று சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். பெரிய தொகை அந்த இடத்துக்கே உயிலில் போகட்டும். பெண் கொடுக்கும் முன் வீடு பார்த்துவிட்டு வருவதில்லையா, அது மாதிரி.

நாமினி போட்டுவிட்டால் போதாதா?

போதாது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் இது. நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் கை, சொந்தக்காரர் அல்ல. உச்ச நீதிமன்றம் 1983இல் இன்ஷூரன்ஸ் வழக்கொன்றிலும் 2023இல் பங்குகள் பற்றிய வழக்கொன்றிலும் இதைச் சொல்லியிருக்கிறது. அதோடு வங்கி வைப்புக்குத் தனிநபரைத்தான் நாமினியாகப் போட முடியும், கல்லூரியையோ டிரஸ்டையோ போட முடியாது. ஆக எஃப்.டி. ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் உயில் வேண்டும், அதை நிறைவேற்ற எக்ஸிகியூட்டர் ஒருவர் வேண்டும், அவரையே வங்கியில் நாமினியாகவும் போட்டுவிட்டால் வேலை சுலபம். எக்ஸிகியூட்டர் எழுதுபவரைவிட வயதில் இளையவராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் தன் வயதுத் தோழியைத்தான் சித்தி முதலில் எழுதியிருந்தார்!

யாருக்கு: அரசுக் கல்லூரியா, பல்கலைக்கழகமா, தனி நிறுவனமா?

"சென்னை மருத்துவக் கல்லூரிக்கு" என்று எழுதினால் பணம் யாருக்குப் போகும்? 1835இல் தொடங்கிய அவ்வளவு பெரிய கல்லூரியே என்றாலும் அது அரசின் ஒரு கிளைதான். சட்டப்படி வாங்கிக்கொள்வது அரசு, டீன் வழியாகவும் மருத்துவக் கல்வி இயக்ககம் வழியாகவும். பணம் பத்திரமாக இருக்கும், சந்தேகமில்லை. வெளியே எடுத்துச் செலவழிக்கத்தான் கோப்பு பல மேசை ஏறி இறங்க வேண்டும்.

பல்கலைக்கழகம் வேறு மாதிரி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது, தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ளலாம். அறக்கட்டளைச் சொற்பொழிவு, பதக்கம் போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகங்களில் பழகிய நடைமுறை உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு மாணவன் ஒரு பதிவெண். அவன் மெஸ் பில் கட்டவில்லை என்பது ஹாஸ்டல் வார்டனுக்குத்தான் தெரியும். மாணவருக்கு உதவி என்றால் கல்லூரி மட்டம், ஆய்வு அல்லது சொற்பொழிவு என்றால் பல்கலைக்கழக மட்டம் என்று நான் பிரித்துக்கொண்டேன்.

வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்கள் மூன்றாவது வகை. ஒரு சங்கம் நடத்துகிறது, தானம் வாங்கியே வளர்ந்த நிறுவனம், வாங்கும் கலை அவர்களுக்குத் தெரியும். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1902இல் அங்கே திறந்த மருத்துவமனை, நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கிக்காரர் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில் எழுந்தது. பெண்களுக்காகக் கட்டிய அந்த இடம் இன்று கண் மருத்துவமனை. பயன் மாறிவிட்டது, ஷெல் என்ற பெயர் மட்டும் நூற்றிருபது ஆண்டு தாண்டி நிற்கிறது. கட்டடத்துக்குக் கொடுப்பவர்கள் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சொந்தமாக ஒரு டிரஸ்ட் தொடங்கலாமே என்று கேட்பார்கள். முப்பது லட்சத்துக்கு டிரஸ்ட் என்பது கோழிக்குஞ்சுக்குக் காவலாக யானை கட்டுவது. ஆண்டுதோறும் தணிக்கை, வருமான வரிப் பதிவு, டிரஸ்டிகளுக்கு வயதாகும்போது புது ஆள் தேடுவது. கோடிக்குக் கீழே அதை யோசிக்காதீர்கள் என்பேன்.

எந்த இடமானாலும் பெயரை எழுதும்போது கவனம் வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பழைய பெயரில் உயில் எழுதியவர் இருந்தால் அவருடைய எக்ஸிகியூட்டர் இன்று யாரிடம் போய் நிற்பார்? "அல்லது அதன் இடத்தில் வரும் நிறுவனத்துக்கு" என்ற ஐந்து சொல் இந்த வழக்கையெல்லாம் தவிர்த்துவிடும். அந்த நிறுவனம் மறுத்தால் அடுத்து யாருக்கு என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

எதற்கு: பதக்கமா, உதவித்தொகையா, பொதுவாகவா?

சித்தியிடம் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

முதலில் அவர் கேட்டது தங்கப்பதக்கம். பட்டமளிப்பு விழாவில் தன் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்ற ஆசை. ஆசை நியாயமானது, கணக்குதான் உதைக்கிறது. 1970இல் பத்து கிராம் தங்கம் இருநூறு ரூபாய்க்குள். அன்று யாரோ ஐயாயிரம் ரூபாய் கட்டி, ஐந்து சதவீத வட்டியில் ஆண்டுக்கு இருநூற்றைம்பது வர, அதில் பதக்கம் கொடுங்கள் என்று எழுதியிருந்தால் அன்றைக்கு அது தாராளமான ஏற்பாடு. இன்று பத்து கிராம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது, வட்டி அதே இருநூற்றைம்பது. அதில் பதக்கம் வைக்கும் டப்பாகூட வராது.

நம் ஊர்ச் சோழர் காலத்து ஆட்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு கொடுப்பார்கள். கல்வெட்டு அதைச் "சாவா மூவாப் பேராடு" என்று சொல்லும். சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. ஆடு குட்டி போடும், மந்தை குறையாது. நெய்யின் விலை என்னவானாலும் ஆட்டிலிருந்து வருவதும் நெய்தானே. விலைவாசி உள்ளே நுழையவே வழியில்லை. எஃப்.டி. அப்படிக் குட்டி போடுவதில்லை. போட்ட குட்டியை நாமே ஆண்டுதோறும் தின்றுவிடுகிறோம். மருத்துவப் படிப்புக்கே அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. 1121ஆம் ஆண்டைச் சேர்ந்த விக்கிரம சோழன் காலத்துத் திருவாவடுதுறைக் கல்வெட்டு, மடத்தில் அஷ்டாங்க ஹிருதயமும் சரக சம்ஹிதையும் படிக்கும் மாணவர்களுக்கு உணவிட்டதைப் பதிந்திருக்கிறது. கவனியுங்கள், கட்டணமோ பதக்கமோ இல்லை. சோறு.

தொள்ளாயிரம் ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் கல்விக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். அரசுப் பள்ளி மாணவருக்கு 2020 முதல் உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு அதையும் அரசே கட்டுகிறது. ஆகவே "கல்விக் கட்டணம் செலுத்த இயலாத மாணவருக்கு" என்று உயிலில் எழுதினால் அரசு கொடுக்கும் பணத்துக்கு மேல் நாமும் கொடுத்ததாக ஆகும். பிள்ளைகள் திணறுவது மெஸ் பில்லில், தடித்தடியான புத்தகங்களில், சீனியரிடம் வாங்கும் எலும்பு செட்டில், ஊருக்குப் போய்வரும் பஸ் காசில்.

யாருக்கு என்ற இடத்தில் சித்தி என்னைத் திருத்தினார். நான் எழுதிய வரைவில் "படிப்பில் சிறந்து விளங்கும் ஏழை மாணவருக்கு" என்று இருந்தது. "சிறந்து விளங்கறவனுக்குத்தான் எல்லாரும் குடுக்கறாங்களே. தமிழ்ல பிளஸ் டூ முடிச்சிட்டு வந்து அனாட்டமில ஒரு பேப்பர் போயிடும் பாரு, அந்தப் பிள்ளைக்கு யாரு குடுக்கறா?" என்றார். உண்மைதான். முதலாண்டுத் தேர்வை நான்கு முறைக்குள் தேற வேண்டும் என்பது விதி. இடறி விழுந்த பிள்ளை அடுத்த தேர்வுக்குத் தனியாகப் படிக்கும் அந்த நாட்களில் ஊருக்கும் போக முடியாமல், அப்பாவிடம் காசும் கேட்க முடியாமல் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த காலத்தில் இந்தச் சிக்கல் இருந்திருக்காது. அது தனிக் கதை. "முதலாண்டில் பின்தங்கியவருக்கு முன்னுரிமை" என்று மாற்றினேன். நான் பார்த்த அறக்கட்டளை எதிலும் இப்படி ஒரு வரி கண்டதில்லை.

ஆனால் முன்னுரிமை என்பதோடு நிறுத்திக்கொண்டோம். "இன்ன ஊர், இன்ன சமூகம், பெண் குழந்தை, தமிழ்வழி, இன்ன துறை" என்று அடுக்கிக்கொண்டே போனால் பத்து ஆண்டில் ஒருவரும் பொருந்தாமல் போவார்கள். பணம் வங்கியில் தூங்கும். சாதியைக் குறித்து எழுதினால் அரசு நிறுவனம் வாங்கவே தயங்கும், தயங்கவும் வேண்டும். மறுகோடியில், எந்த நிபந்தனையும் இல்லாமல் "கல்லூரி வளர்ச்சிக்கு" என்று எழுதுவதையே நிறுவனங்கள் விரும்பும். நன்றாக நடக்கும் நிறுவனத்துக்கு அதுதான் உண்மையிலேயே அதிகப் பயன் தரும். ஆனால் டீன் அறைக்கு ஏ.சி. மாற்றுவதும் வளர்ச்சிதான் என்று யாராவது சொன்னால் மறுக்க சித்தி இருக்கமாட்டார். கருவி வாங்கிக் கொடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: பராமரிப்புப் பணமும் சேர்த்துக் கொடுக்காதவர்கள் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

என்றென்றைக்குமா, பதினைந்து வருடத்துக்கா?

சித்தியின் வைத்தியச் செலவு போக இருபத்தைந்து லட்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஏழு சதவீதம். வட்டி முழுவதையும், அதாவது ஒன்றே முக்கால் லட்சத்தை, ஆண்டுதோறும் செலவழித்தால் முதல் அப்படியே இருக்கும், மதிப்பு இருக்காது. விலைவாசி ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் பாதியாகிவிடும். குட்டியில் கொஞ்சத்தையாவது மந்தையில் விட வேண்டுமென்றால் நான்கு சதவீதத்தை மட்டும் செலவழித்து மீதியை முதலில் சேர்க்க வேண்டும். அப்போது கையில் வருவது ஒரு லட்சம். மெஸ் பில் ஆண்டுக்கு நாற்பதாயிரம் என்றால் இரண்டு பிள்ளைகளுக்கு, கொஞ்சம் மிச்சம்.

முதலையும் சேர்த்துப் பதினைந்து ஆண்டில் கரைத்துவிடச் சொன்னால் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் லட்சம். கிட்டத்தட்ட ஏழு பிள்ளைகள். பதினாறாம் ஆண்டு ஒன்றும் இருக்காது, பெயரும் இருக்காது.

என் மனம் இரண்டாவதன் பக்கம்தான். கொடுத்தவரை நினைவில் வைத்திருக்கும் குமாஸ்தா ஓய்வு பெறுவதற்குள் பணம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிடும். நிரந்தரம் என்று எழுதிய பல நிதிகளை முப்பது ஆண்டு கழித்து ஒரு லெட்ஜர் வரியாக மட்டும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரிய தொகை வைத்திருப்பவர்களுக்கும், அறக்கட்டளைகளை ஒன்றாகத் திரட்டி முதலீடு செய்யும் நிறுவனத்துக்குக் கொடுப்பவர்களுக்கும் நிரந்தர நிதி சரிவரும்.

வீடு

வீட்டை வீடாகக் கொடுக்காதீர்கள். வாடகைதாரர், சொத்து வரி, ஒழுகும் கூரை இவற்றையெல்லாம் ஒரு மருத்துவக் கல்லூரி தலையில் கட்டினால், விற்க அனுமதி வாங்கும் முன் சுவர் விழும். எக்ஸிகியூட்டர் விற்று, வரும் பணத்தைச் சேர்க்க வேண்டும் என்று உயிலில் எழுதுவதே முறை. பூர்வீகச் சொத்தானால் தன் பங்கை மட்டுமே எழுத முடியும் என்பது நினைவிருக்கட்டும். இஸ்லாமியர்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு அறக்கொடையில் இருந்த பழைய தடையை உச்ச நீதிமன்றம் 2003இல் நீக்கிவிட்டது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி. இந்தியக் குடியுரிமையோடு இருக்கும் என்.ஆர்.ஐ. தன் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுப்பது ஆகும், அப்போது வாங்கும் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உடலை எழுதி வைப்பது

கடைசியாகச் சித்தி கேட்டது: "பணத்தோட உடம்பையும் எழுதிடவா?" மருத்துவக் கல்விக்கு இதைவிட நேரான கொடை இல்லை, செலவும் இல்லை. ஜோதி பாசு 2010இலும் சீதாராம் யெச்சூரி 2024இலும் இறந்தபோது உடல்கள் மருத்துவக் கல்விக்குத்தான் போயின. முதலாண்டு மாணவர்கள் அந்த உடலை முதல் ஆசிரியர் என்று சொல்லி உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் கத்தியைத் தொடுகிறார்கள்.

ஆனால் இதை உயிலில் எழுதிப் பயனில்லை. உடல் சொத்து அல்ல. அதுவும் போக, நம் வீடுகளில் உயிலைப் பிரிப்பது கருமாதி முடிந்து. அதற்குள் சாம்பல் காவிரியில் கரைந்திருக்கும். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, சாட்சிகளோடும் நெருங்கிய உறவினர் ஒருவரோடும் கையெழுத்திட வேண்டும். இறந்ததும் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். அவர்களுக்கு மனமில்லை என்றால் படிவம் வெறும் காகிதம். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலையும் சில தொற்றுகள் இருந்த உடலையும் வாங்கமாட்டார்கள். கண்ணை மட்டும் ஆறு மணி நேரத்துக்குள் தனியாகக் கொடுக்கலாம், அதனால் உடல் கொடைக்குத் தடையில்லை. பணமா உடலா என்று தேர்வு செய்ய வேண்டியதே இல்லை, இரண்டும் இரண்டு தனிக் காகிதம். படிவத்தில் உறவினர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இடத்தை எப்படி முடிவு செய்தோம் என்று சொல்லவில்லையே. மூன்று நிறுவனங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினோம்: உங்களிடம் ஏற்கெனவே உள்ள மாணவர் உதவி அறக்கட்டளைகளின் பணம் எங்கே போடப்பட்டிருக்கிறது, போன ஆண்டு எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், உயிலில் உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும்? ஓரிடத்திலிருந்து பளபளப்பான ஒரு புத்தகம் வந்தது, கேள்விகளுக்குப் பதில் இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னும் ஒன்றுமே வரவில்லை. மூன்றாவது இடத்திலிருந்து மூன்று வாரம் கழித்து இரண்டு பக்கம், எண்களோடு, கீழே ஓர் உதவிப் பதிவாளரின் கையெழுத்தும் நேரடித் தொலைபேசி எண்ணும். முதல் ஐம்பதாயிரத்துக்கு அங்கேதான் செக் எழுதியிருக்கிறார். இரண்டாம் ஆண்டு ரசீதையும் பார்த்துவிட்டுத்தான் உயிலைப் பதிவதாக இருக்கிறார் சித்தி.